பாதியில் நின்ற மின் கிட்டாரை முடித்தெடுப்பது எப்படி? கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாதியில் நின்ற மின் கிட்டார்கள் கொழும்பில் அவ்வப்போது கண்ணில் படும். வெளிநாடு போனவர் விட்டுச்சென்ற கிட் பெட்டி (நாமே பூட்டும் பாகங்களின் தொகுதி), பாண்ட் அறை மூலையில் தூசி பிடித்த உடலும் கழுத்தும், மொறட்டுவைப் பக்கத்தில் யாரோ ஓடர் கொடுத்துவிட்டு எடுக்க வராத மகோகனிப் பலகை. விலை மலிவு, சில வேளை இலவசம். ஆனால் எந்தக் கிட்டாரும் காரணமில்லாமல் பாதியில் நிற்காது. முன்பு கைவைத்தவர் எந்த இடத்தில் விட்டார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வயரிங் புரியாமல் விட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். பெயின்ட் கெட்டுப்போய் விட்டிருந்தால் சாண்ட்பேப்பரும் பொறுமையும் போதும். பிரிட்ஜை (உடலில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) பிழையான இடத்தில் துளைத்துவிட்டு விட்டிருந்தால் விலையைப் பாதியாகப் பேசுங்கள். சரிப்படுத்தலாம், வேலை கூட.

1. வாங்குமுன் பத்து நிமிடப் பரிசோதனை

கொண்டுபோக வேண்டியவை: 1 மீற்றர் இரும்பு அடிக்கோல், டோர்ச், தையல் நூல், 4 மற்றும் 5 மில்லிமீற்றர் அலன் சாவிகள். அங்குல அளவில் 3/16 சாவியும் இருந்தால் நல்லது. அது 4.76 மில்லிமீற்றர், 5 உள்ளே போகாது, 4 வழுக்கி, ட்ரஸ் ரொட்டின் (கழுத்துக்குள் ஓடி வளைவைத் திருத்தும் கம்பி) நட்டைத் தின்றுவிடும்.

முதலில் கழுத்து. ட்யூனர் (தந்தி முறுக்கும் சாவி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விளிம்புகளையும் பாருங்கள். முன்னுக்கோ பின்னுக்கோ சீராக வளைந்திருந்தால் பயப்பட வேண்டாம், ட்ரஸ் ரொட் அதற்காகத்தான். ஒரு விளிம்பு நேராகவும் மற்றது வளைந்தும் தெரிந்தால் கழுத்து முறுகியிருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ட்ரஸ் ரொட் நட்டை முதலில் தளர்த்தும் பக்கம் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். இறுக்கும் பக்கம் முதலில் திருப்பினால், ஏற்கெனவே எல்லைவரை இறுகிய ரொட் உங்கள் கையிலேயே முறியலாம். எவ்வளவு திருப்பியும் பிடிமானமே இல்லையென்றாலும் வேண்டாம்.

அடுத்தது உடல். டோர்ச் அடித்து 1–2 மில்லிமீற்றர் அளவிலான ஊசித்துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தட்டும்போது கோதுமை மா போன்ற தூள் கொட்டினால் உளு உள்ளே உயிரோடு இருக்கிறது. உளுத்த உடலைச் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். வீட்டுத் தளபாடத்துக்கும் பரவும்.

கழுத்துக்குழியை அளந்து பாருங்கள். ஸ்ட்ராட், டெலி (ஃபெண்டரின் பிரபல மாதிரிகள்) வகைகளில் அகலம் ஏறக்குறைய 56 மில்லிமீற்றர், ஆழம் 16. பக்கத்தில் ஒரு கடதாசி நுழையும் இடைவெளி பரவாயில்லை. அடையாள அட்டை நுழைந்தால் மரச்சீவல் ஒட்டி நிரப்ப வேண்டிவரும். உடல் மட்டும் 2.5 கிலோவுக்கு மேலே என்றால் தோள் பிறகு பதில் சொல்லும். தேக்கு, பலா உடல்களில் இது சாதாரணம்.

கடைசியாக ஸ்கேல் நீளம், அதாவது தந்தி அதிரும் நீளம். நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளக்கட்டை) முன் விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நடுவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 324 வந்தால் 648, ஃபெண்டர் வகை. 314 வந்தால் 628, கிப்சன் வகை. உடலில் பிரிட்ஜ் துளைகள் ஏற்கெனவே இருந்தால் அவை இந்த நீளத்துக்குப் பொருந்துகின்றனவா என்று அங்கேயே பாருங்கள். 648 கழுத்தை 628-க்குத் துளைத்த உடலில் பூட்ட முயன்றுதான் பல கிட்டார்கள் அனாதையாகின்றன.

2. கடதாசி வேலையும் காசுக் கணக்கும்

விற்பவரிடம் ஒரு சிறு பற்றுச்சீட்டு எழுதி வாங்குங்கள்: திகதி, தொகை, என்ன சாமான், கழுத்திலோ உடலிலோ தொடர் இலக்கம் இருந்தால் அது, அவருடைய பெயரும் கையொப்பமும். இசைக்கருவி களவு போவது புதினமில்லை. நாளை ஒருவர் 'இது என்னுடையது' என்று வந்தால் உங்களிடம் காட்ட ஒரு துண்டு இருக்க வேண்டும்.

பிறகு, ஒரு சாமானும் வாங்குமுன், இல்லாதவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி விலை கேளுங்கள். அதே தாளின் தலைப்பில், கடையில் புதுத் தொடக்கநிலைக் கிட்டார் ஒன்றின் இன்றைய விலையை எழுதுங்கள். உங்கள் பட்டியலின் கூட்டுத்தொகை அதில் 60 சதவீதத்தைத் தாண்டினால், காசு மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்குவதில் அர்த்தமில்லை. கைப்பழக்கத்துக்கும் ஆசைக்கும் செய்வதென்றால் அது வேறு கணக்கு. பலர் மறக்கும் செலவுகள் சின்னச் சின்னவை: சாண்ட்பேப்பர், தின்னர், மாஸ்கிங் டேப், ட்ரில் அலகுகள், மரையாணிகள். இவை சேர்ந்து ஒரு பிக்கப்பின் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) விலைக்கு வந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து உதிரி எடுப்பிப்பதென்றால், சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. அனுப்பும் கூலியும் காப்புறுதியும் சேர்த்த தொகைக்குத்தான் கணக்கு. 20 டொலர் பிரிட்ஜுக்கு 12 டொலர் அனுப்புகூலி என்றால் 32 டொலருக்கு வரி. அதற்கு மேல் 18 சதவீத வற் வரி. ஆகவே பிரிட்ஜ், ட்யூனர், பொட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) என்று மூன்று பார்சல் எடுக்காமல் ஒரே பார்சலாக எடுங்கள். விற்பனைப் பட்டியலையும் பணம் செலுத்திய ஆதாரத்தையும் அச்சிட்டு, அடையாள அட்டைப் பிரதியுடன் வைத்திருங்கள். பொருள் விவரத்தில் 'இசைக்கருவி உதிரிப்பாகம்' என்று தெளிவாக இருக்கட்டும்; சுங்கத் தலைப்பு 9209. முழுமையான மின் கிட்டார் 9207-ல் வரும்.

ரோஸ்வூட் விரற்பலகை (ஃப்ரெட் பதிக்கும் முகப்புப் பலகை) வைத்த கழுத்து எடுப்பிப்பவர்கள் கவனிக்க: டல்பேர்ஜியா இன மரங்கள் 2017 ஜனவரியிலிருந்து சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) கட்டுப்பாட்டில் உள்ளன. முடிந்த இசைக்கருவிக்கும் முடிந்த உதிரிக்கும் 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. வெட்டாத, ஃப்ரெட் போடாத பலகைத்துண்டுக்கு அந்த விலக்கு இல்லை. பிரேசில் ரோஸ்வூட்டுக்கு எந்த நிலையிலும் இல்லை. மேப்பிள் பலகை என்றால் தலைவலி இல்லை.

உள்ளூரில்: மரையாணி, ஒட்டுப்பசை, சாண்ட்பேப்பர், சீலர் எல்லாம் கொழும்பு 12 பழைய சோனகத் தெருவில். வயர், ஈயம், கெப்பாசிற்றர், ஜாக் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில். கார் பெயின்ட் கலந்து வாங்கப் பஞ்சிகாவத்தை. ஞாயிறும் போயாவும் பார்த்துப் போங்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும்.

3. பெயின்டுக்கு முன் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அடுத்த அனாதைக் கிட்டாரை உருவாக்குகிறவர்கள். துளைகள், குழிகள், பொருத்தங்கள் எல்லாவற்றையும் வெறும் மரத்தில் முடித்து, தந்தி கட்டி, ஒருமுறை ஒலிக்கவைத்து, பிறகு கழற்றிப் பெயின்ட் அடியுங்கள்.

கழுத்து மரையாணிகள் நான்கு, நீளம் 45 மில்லிமீற்றர். உடலில் உள்ள துளை 4.5 மில்லிமீற்றராக இருந்து மரையாணி தடையின்றி வழுக்கிப் போக வேண்டும். பிடிப்பது கழுத்தில் மட்டும், அங்கே 3 மில்லிமீற்றர் வழித்துளை. உடலிலும் மரை பிடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் இரண்டுக்கும் நடுவே மயிரளவு இடைவெளி நிற்கும். ட்ரில் அலகில் ஆழத்துக்கு டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் விரற்பலகை வழியே வெளியே எட்டிப் பார்க்கும். மரையாணி முனையைச் சவர்க்காரத்தில் ஒருமுறை தேய்த்துவிட்டு முறுக்குங்கள். ட்யூனரின் சின்ன மரையாணிகளுக்கு இது இரட்டிப்பு முக்கியம். 1.5 மில்லிமீற்றர் வழித்துளை இல்லாமல் மேப்பிளில் முறுக்கினால் மரையாணித் தலை கையோடு வரும், மீதி மரத்துக்குள்ளே தங்கும்.

இப்போது பிரிட்ஜ். அவசரப்படாதீர்கள், ஒரு மாலையை இதற்கே ஒதுக்குங்கள்.

கழுத்தைப் பூட்டியபின் நட்டின் இரண்டு வெளிப் பள்ளங்களிலும் நூல் கட்டி, பிரிட்ஜின் வெளிச் சாடில்கள் (ஒவ்வொரு தந்தியும் அமரும், நகர்த்தக்கூடிய சிறு தாங்கிகள்) வரை இழுத்து டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு நூலும் விரற்பலகையின் விளிம்புகளிலிருந்து ஒரே தூரத்தில் ஓட வேண்டும். பிரிட்ஜை இடம் வலம் நகர்த்தி இதைச் சரிசெய்யுங்கள். உடலின் நடுக்கோட்டை நம்பாதீர்கள். கழுத்துக்குழி ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் அந்தக் கோடு பொய் சொல்லும்.

அடுத்து முன் பின். மெல்லிய ஈ (E) தந்தியின் சாடிலை முன் எல்லைவரை, அதாவது நட் பக்கமாக, கொண்டுவந்து, பிறகு 1–2 மில்லிமீற்றர் பின்னே எடுங்கள். அதன் உச்சி நட்டிலிருந்து சரியாக 648-ல் (628 கழுத்தென்றால் 628-ல்) வரும்படி பிரிட்ஜை வைத்து அடையாளமிடுங்கள். ஏன் இப்படி? தந்தியை அழுத்தும்போது இழுபட்டுச் சுரம் கொஞ்சம் ஏறும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு தந்தியையும் கணக்கு நீளத்தை விடச் சற்று நீட்ட வேண்டும். மெல்லிய ஈக்கு 1–2 மில்லிமீற்றர், தடித்த ஈக்கு 4–5. ஆகவே சாடில்களுக்குப் பின்னே போக இடம் வேண்டும், முன்னே போக அதிகம் தேவையில்லை. பிரிட்ஜின் நடுவை 648-ல் வைத்துத் துளைப்பதுதான் எல்லோரும் விடும் பிழை. அப்படிச் செய்தால் தடித்த தந்திக்குப் பின்வாங்க இடம் போதாமல் போய்விடும்.

துளைக்குமுன் உயரத்தையும் பாருங்கள். அடிக்கோலை ஃப்ரெட்கள் மேல் படுக்கவைத்து பிரிட்ஜ்வரை நீட்டுங்கள். பாதி உயரத்தில் வைத்த சாடிலின் உச்சி, கோலின் கீழ் விளிம்பை விட 3–4 மில்லிமீற்றர் மேலே இருந்தால் சரி. அதை விட மிக உயரமாக நின்றால் கழுத்துக்குழியின் உட்கோடியில், அதாவது பிக்கப் பக்கம், 0.5 மில்லிமீற்றர் மரச்சீவல் ஒன்று வையுங்கள். அந்த அரை மில்லிமீற்றர் பிரிட்ஜில் ஏறக்குறைய ஒன்றரையாக மாறும்.

ஏற்கெனவே பிழையான துளைகள் இருந்தால் பல்குத்தியும் பசையும் வைத்துச் சமாளிக்க வேண்டாம். துளையை 6 அல்லது 8 மில்லிமீற்றருக்குச் சுத்தமாகப் பெருப்பித்து, அதே அளவு வன்மரக் குச்சியை மரப்பசையோடு அடித்து, 24 மணித்தியாலம் விட்டு, மட்டமாகச் சீவிவிட்டுப் புதிதாகத் துளையுங்கள்.

இன்னொன்று: பிரிட்ஜின் அடியிலிருந்து வயரிங் குழிவரை ஒரு 3 மில்லிமீற்றர் சுரங்கத்துளை வேண்டும், கிரவுண்ட் வயருக்கு. பாதி கிட்களில் இது இருக்காது. பெயின்ட் காய்ந்தபின் ஞாபகம் வந்தால் அழவேண்டியதுதான்.

4. ஃப்ரெட்

ட்ரஸ் ரொட்டால் கழுத்தை நேராக்கிக்கொண்டு, மூன்று ஃப்ரெட்களை மட்டும் தொடும் சிறு நேர்விளிம்பை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் உயரம். முதலில் அதைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், பல தடவை அது பள்ளத்தில் முழுதாக இறங்கியிராது, அவ்வளவுதான். அப்போதும் உயரமென்றால் ஃப்ரெட் உச்சிகளை மார்க்கரால் கறுப்பாக்கி, நேரான கட்டையில் ஒட்டிய 320 சாண்ட்பேப்பரால் எல்லாவற்றிலும் கறுப்பு லேசாகக் குறையும்வரை தேயுங்கள். பிறகு உச்சியை அரத்தால் மீண்டும் உருட்டி, 600-லிருந்து 2000 வரை மெருகிடுங்கள். அரம் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கிட்டார் திருத்துபவரிடம் கொடுத்துவிடுவது மலிவு.

5. மெருகு: எதைப் பூசுவது, எப்போது பூசுவது

கொழும்பில் பெயின்டைக் கெடுப்பது கையில்லை, காற்று. லேக்கரில் உள்ள தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேல் பனியாகப் படிந்து உள்ளே சிக்குகிறது. கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல் வெள்ளைப் புகை படரும். ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட மாதங்கள் சிறந்தவை. மே தொடக்கம் செப்டெம்பர் வரையும் ஒக்டோபர், நவம்பரிலும் மழையில்லாத நாள் பார்த்து, காலை 10-க்கும் பிற்பகல் 2-க்கும் இடையில் மட்டும் அடியுங்கள். அப்போதும் வெள்ளை படர்ந்தால் ரிட்டாடர் தின்னர் (மெதுவாக ஆவியாகும் தின்னர்) கொஞ்சம் கலந்து ஒரு மெல்லிய பூச்சு விடுங்கள்; பெரும்பாலும் கரைந்து தெளியும்.

எண்ணெய் மெருகு புதியவர்களுக்கு நல்லது. மழைக்காலத்திலும் செய்யலாம், காய அதிக நாள் பிடிக்கும், அவ்வளவுதான். துணியால் பூசி 15 நிமிடத்தில் துடைத்து, ஒருநாள் விட்டு மறுபூச்சு. ஐந்து ஆறு பூச்சு போதும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

தளபாடத்துக்கு அடிக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) சீலரும் லேக்கரும் எங்கும் கிடைக்கும், பாஸ்மாருக்கும் பழக்கம். ஒரு உடலுக்கு 250 மில்லிலீற்றர் சீலர், 500 லேக்கர், 1 லீற்றர் தின்னர் தாராளம். கார் பெயின்டின் இரட்டைக் கலவைக் கிளியர் மிகக் கடினமானது, அழகானது. ஆனால் அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி முகக்கவசம் அதற்குப் போதாது. அதை உடல் மட்டும் எடுத்துச்சென்று கார் பெயின்ட் கடையில் அடித்து எடுங்கள், அடுக்குமாடி பல்கனியில் வேண்டாம்.

வரிசை: 120, 180, 220 சாண்ட்பேப்பர், எப்போதும் மரநார் வழியே. பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து எழுந்த நாரை 220-ல் மீண்டும் வெட்டுங்கள். மகோகனிக்கும் தேக்குக்கும் நுண்துளைகள் திறந்தவை, கிரெய்ன் ஃபில்லர் (நுண்துளை நிரப்பி) இல்லாமல் பளபளப்பு வராது. தேக்கில் எண்ணெய்ச் சத்து உண்டு. சீலர் பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்காவிட்டால் தோலாக உரியும். பழைய பசை சிந்திய இடங்களை டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துத் தேடுங்கள். வெறும் மரத்தில் தெரியாது, சாயம் பூசியதும் வெள்ளைத் தேமல்போல் பல்லிளிக்கும்.

கழுத்துக்குழியை டேப்பால் மூடுங்கள். அங்கே நாலு பூச்சு ஏறினால் கழுத்து உள்ளே போகாது, தள்ளினால் மூலையில் வெடிக்கும். விளிம்புகளில் சாண்ட்பேப்பரை அழுத்தாதீர்கள், அங்கேதான் முதலில் மரம் தெரியும்.

லேக்கர் தொட்டால் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டதுபோல் இருக்கும். நம்பாதீர்கள். மூன்று நான்கு கிழமை தொங்கவிடுங்கள். மூக்கை உடலோடு ஒட்டி முகருங்கள். தின்னர் வாடை வந்தால் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கிறது, மெருகிட வேண்டாம். வாடை நின்றபின் 1000, 1500, 2000 தண்ணீர்ச் சாண்ட்பேப்பர், பிறகு ரப்பிங் கொம்பவுண்ட்.

6. வயரிங்

பிக்கப்பைப் பூட்டுமுன் மல்டிமீற்றரை 20 கிலோ ஓமில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள். ஒற்றைச் சுருள் 5–8 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பெரும்பாலும் 7–16. எண்ணே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது.

ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம் பொட், ஹம்பக்கருக்கு 500. பொட்டில் ஏ என்ற எழுத்து இருக்கட்டும். பி வகையை வொலியூமுக்குப் போட்டால் ஒலி சீராகக் குறையாமல் கடைசியில் திடீரென்று விழும். புறக்கோட்டையில் சுலபமாகக் கிடைக்கும் 16 மில்லிமீற்றர்ச் சிறு பொட்டின் தண்டுக்கு 7 மில்லிமீற்றர்த் துளை போதும். பெரிய பொட்டுக்கு 9.5–10 வேண்டும். எது வாங்கினீர்கள் என்று பார்த்துவிட்டுத் துளையுங்கள். டோன் கெப்பாசிற்றரில் 223 என்றிருந்தால் 0.022 மைக்ரோஃபரட், 473 என்றால் 0.047.

வொலியூம் பொட்டைப் பின்பக்கமிருந்து, கால்கள் கீழே தெரியும்படி பிடியுங்கள். இடது காலுக்குப் பிக்கப்பின் உயிர் வயர், நடுக்காலிலிருந்து ஜாக்கின் முனைக்கு, வலது கால் பொட்டின் கூட்டோடு கிரவுண்டாக. பிரிட்ஜ் வயரும் அதே கூட்டுக்கு. கூட்டில் ஈயம் ஒட்டச் சூடு வேண்டும். 25 வோற் சோல்டரிங் அயனோடு மல்லுக்கட்டினால் பொட்டின் உட்புறம் வெந்துவிடும். 40–60 வோற் அயன் எடுத்து, கூட்டைச் சாண்ட்பேப்பரால் சுரண்டி, மூன்று செக்கனில் முடியுங்கள்.

அம்பில் (அம்ப்ளிஃபயரில்) போட்டுப் பாருங்கள். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எல்லாம் ஒழுங்கு. தொடுவதால் எந்த மாற்றமும் இல்லையென்றால் பிரிட்ஜ் வயர் தொடவில்லை. உலோகத்தைத் தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயரும் மாறியிருக்கின்றன. அம்பின் பிளக்கில் எர்த் பின் உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். 230 வோல்ற்றோடு விளையாட்டில்லை.

7. கடைசிச் சீரமைப்பு

வரிசையை மாற்றாதீர்கள், ஒன்று அடுத்ததைக் குலைக்கும். 9–42 அல்லது 10–46 தடிப்புள்ள தந்தித் தொகுதி கட்டி, சுருதி சேர்த்து, ஒருநாள் விடுங்கள்.

முதலில் கழுத்து வளைவு: தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசியிலும் அழுத்தினால் 7ஆம் 8ஆம் ஃப்ரெட் பக்கத்தில் 0.2–0.25 மில்லிமீற்றர் இடைவெளி, ஒரு விசிட்டிங் கார்டின் தடிப்பை விடக் கொஞ்சம் குறைவு. ட்ரஸ் ரொட்டை ஒருதடவைக்குக் கால் சுற்று மட்டும்.

பிறகு நட்: மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் முதல் ஃப்ரெட்டின் மேல் தந்தி மயிரிழை விலகி நிற்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் பள்ளம் அதிகம் வெட்டுப்பட்டுவிட்டது, புது நட்தான். பிறகு உயரம்: 12ஆவது ஃப்ரெட்டில் தடித்த பக்கம் 2 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 1.6. அதன் பிறகுதான் சுரத்திருத்தம். 12ஆவதில் அழுத்தின சுரம், அதே இடத்து ஹார்மோனிக்கை (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) விட ஏறியிருந்தால் சாடிலைப் பின்னே, இறங்கியிருந்தால் முன்னே. இறுதியாகப் பிக்கப்: கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி, தந்திக்கும் காந்தத்துக்கும் நடுவே தடித்த பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர். ஒற்றைச் சுருளை இதை விட ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுரம் ஆடும்.

மொத்தக் கைவேலை 25–30 மணித்தியாலம், நாட்காட்டியில் ஏழெட்டுக் கிழமை. ஏறக்குறைய பாதி லேக்கர் காயும் காலம். பார்சல் வருவதைக் காத்திருக்கும் நாட்களில் மூன்றாம் படியைச் செய்யலாம் என்று நினைக்காதீர்கள்: பிரிட்ஜ் கையில் வராமல் அதன் துளையை அடையாளமிட வேண்டாம், படத்தில் உள்ள அளவும் கைக்கு வரும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை.

வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலோரமாக இருப்பவர்கள் துத்தநாகம் பூசிய மலிவு மரையாணிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். ஏசி அறையில் வைப்பவர்கள் முதல் மாதத்தில் விரலை ஃப்ரெட் ஓரங்களில் ஓட்டிப் பாருங்கள். மரம் வரண்டு சுருங்கி, ஃப்ரெட் முனைகள் கீறத் தொடங்கினால் சிறு அரத்தால் ஓரத்தைத் தட்டையாக்கி, கழுத்து வளைவை ஒருமுறை திரும்ப அளந்துவிடுங்கள்.